கதவுக்குள் தண்ணீர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் எங்கள் பெயிண்டிங் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் தார்ப்பாய். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள்தான் இத்தனை வருடம் எங்களுக்குச் சோறு போட்டன. தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போவதற்கு முன்னால் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். என் கணவர் ஸ்ப்ரே கன் பிடித்து அடிப்பார். நான் வாட்டர் பேப்பர் போட்டுத் தகட்டைத் தேய்ப்பேன், கண்ணாடிக்கும் விளக்குக்கும் செய்தித்தாள் ஒட்டி மறைப்பேன். கல்யாணமான மறு வருடத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. செந்துறைப் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள் நான். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருக்கு இருமல் வந்தது. முதலில் கஷாயம், பிறகு மருந்துக்கடை மாத்திரை, பிறகு திருச்சி. அங்கே நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன தொழில் என்று கேட்டார். சொன்னோம். மூக்குக்கு என்ன கட்டுவீர்கள் என்று கேட்டார். துண்டு என்றார் இவர். டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார்.

"பெயிண்ட்ல ஹார்ட்னர் கலக்கறீங்கல்ல, அந்தப் புகை உங்க நெஞ்சைத் தின்னுருக்கு. போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கணும்னா இனிமே அந்தக் கன்னைத் தொடாதீங்க."

"சரிங்க சார்" என்றார் இவர். என் கணவர் யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். டாக்டரிடம் சரிங்க என்றவர், அடுத்த வாரமே ஒரு லாரி ஓனர் வந்து கெஞ்சியதும் அவரிடமும் சரிங்க என்றார். நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு கேபினை அடித்து முடித்துவிட்டார். மறுநாள் குரும்பலூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அவரால் நடக்க முடியவில்லை. வழியில் யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்துவிட்டார். என்னாச்சு என்று கேட்டவர்களிடம், "ஒண்ணுமில்ல, சளி புடிச்சிருக்கு" என்றார். அந்தச் சளிக் கதையைத்தான் எல்லோரிடமும் சொன்னார். பெயிண்டருக்கு நெஞ்சு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் தன்னை யாரும் ஆளாக மதிக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வந்தது வேறு கோபம். கன்னை நான் எடுத்துக்கொண்டேன். நெஞ்சு டாக்டரிடம் திரும்பப் போய், நான் அடித்தால் எனக்கும் இது வருமா என்று கேட்டேன். அவர் முகம் முழுவதையும் மூடுகிற, இரண்டு பக்கமும் டப்பா வைத்த ஒரு மாஸ்க்கின் படத்தைக் காட்டி, இதில்லாமல் உள்ளே போகாதே என்றார். ஒரு பெயிண்டர் மனைவிக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு அந்த டாக்டருக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவள்.

அதற்குப் பிறகு என் பிழைப்பு கத்தி மேல் நடக்கிற பிழைப்பாகிவிட்டது. நான் அடித்தது நன்றாக இருந்தால் இவர் பேசாமல் தகட்டுப் பள்ளங்களுக்குப் பட்டி பூசிக்கொண்டு இருப்பார். யாராவது ஒருவர் முகத்தைச் சுளித்தால், "நான் ஒரு கை பாத்துடறேங்க" என்று கன் பக்கம் கையை நீட்டிவிடுவார். லாரி ஓனர்கள் சுளிக்காமல் இருப்பார்களா? "கோலம் போடற கையில கன்னைக் குடுத்திருக்கீங்களே பெயிண்டரே" என்று ஒருவர் சிரித்தார். கோலம் போட்டுப் பார்த்தால்தானே தெரியும், கோடு நேராகப் போவது எவ்வளவு கஷ்டம் என்று. அதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. இப்படியே ஒவ்வொரு ஆளாகத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டு டாக்டர் வந்தார்.

தா.பழூர்ப் பக்கம் வெகுகாலம் அரசாங்க கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், அரியலூரில் வீடு. அன்று வண்டி எதுவும் கொண்டுவராமல் வெறுங்கையோடுதான் வந்தார். பட்டறை முன்னால் பிரைமர் போட்டு நான் தேய்த்து வைத்திருந்த லாரிக் கதவு ஒன்று தனியாகச் சாய்ந்திருந்தது. அவர் யாரையும் கூப்பிடாமல் அதன் முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். சினை மாட்டின் வயிற்றைத் தடவுவது போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதைத் தேய்ச்சது யாரு?"

"நான்தான். ஏன், என்ன குத்தம்?" என்றேன். நான் எதையும் அப்படித்தான் தொடங்குவது.

"குத்தம் இல்லம்மா. எங்கயும் மேடு பள்ளம் இல்ல. அதான் கேட்டேன்." பிறகு இவரைப் பார்த்து, "ஒரு பழைய கார் இருக்கு. பெயிண்ட் அடிக்கணும். யார் அடிப்பீங்க?" என்றார்.

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் அடிப்பேன். அவருக்குச் சளி." அந்தப் பொய்யை நானும் சொன்னேன். அவர் கௌரவம் என் கௌரவம்தானே.

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார், தன் கையில் ஒட்டியிருந்த பிரைமர் தூளைப் பார்த்தார். "சரி, அப்ப நீங்களே அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'நீங்களே'வை நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மறு வாரம் கார் வந்தது. இரண்டே பேர் உட்காருகிற, மேலே துணி மூடிய, நாய்க்குட்டி உயரத்துக்குத் தரையோடு தரையாக இருந்த ஸ்போர்ட்ஸ் கார். நான் பிறப்பதற்கு முன்னால் சீமையில் செய்தது. அதன் கம்பெனிப் பெயர் இப்போதும் எனக்கு வாயில் நுழையாது. திருச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கன்று போட முடியாமல் தவித்த மாட்டைப் பார்க்கப் போன இடத்தில், வைக்கோலுக்கு அடியில் கிடந்ததாம். "மாட்டைப் பாக்கப் போயி காரைப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு அதை வாங்கி, இன்ஜினை ஆள் வைத்துச் சரிபண்ணி, ஓட வைத்துவிட்டார். மேல் தோல் மட்டும் பாக்கி. ஒன்றின் மேல் ஒன்றாக யார் யாரோ அடித்த பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது.

வேலை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. பானட், இரண்டு கதவு, மட்கார்டு, டிக்கி மூடி எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக ஸ்டாண்டில் போட்டோம். பழைய பெயிண்ட்டைச் சுரண்டிச் சுரண்டி வெறும் தகடு தெரிகிற வரைக்கும் வந்தோம். டிக்கிக்குள் ஒரு மூலையில் அதன் முதல் நிறம் தப்பிப் பிழைத்திருந்தது. நாவல்பழ நிறம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அந்த நிறமே வேண்டும் என்றார். எங்கள் ரோட்டில் பறப்பது சிமெண்ட் தூசி. வெள்ளை லாரியில் அது விழுந்தால் யாருக்குத் தெரியும்? நாவல்பழ நிறத்தில் ஒரு துளி விழுந்தாலும் தெரியும். பருத்தி வெடிக்கிற காலம் வேறு, காற்றில் பஞ்சு அலைந்துகொண்டிருந்தது.

ஆனால் தூசியைத் தடுப்பதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது என்ற திமிரும் எனக்கு இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிமெண்ட் ஓட்டுகிற லாரியின் கதவுக்குள் தூசி போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் ஒரு மழை பெய்தால் உள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும். பிறகு கண்ணாடி இறங்காது, ஏறாது. அதனால் எங்களிடம் வருகிற டிரைவர்கள் முதலில் சொல்வதே, "ஓட்டையெல்லாம் அடைச்சுடுங்க" என்பதுதான். தகடும் தகடும் சேருகிற இடம், கதவின் அடி ஓரம், கேபின் மூலை என்று ஊசி நுழைகிற இடம் தெரிந்தாலும் அங்கே சீலர் என்கிற பசையைப் பிதுக்கி, விரலால் வழித்து மூடிவிடுவேன். அது என் வேலை. அடுத்த எஃப்.சி.க்கு வரும்போது பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி அடைப்போம். இந்த ரோட்டில் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

காரின் கதவுகளைப் புரட்டிப் போட்டபோது அடி ஓரத்தில் மூன்று மூன்று ஓட்டைகள் இருந்தன. கதவுக்குக் கீழே காலை வைத்து ஏறுகிற படித் தகட்டிலும் வரிசையாக ஓட்டைகள். 'சீமையில் செய்த வண்டி என்று பேர், இப்படியா ஓட்டை விட்டு அனுப்புவார்கள்' என்று ஏளனமாக நினைத்துக்கொண்டேன். ஒன்று விடாமல் அடைத்தேன். காய்ந்த பிறகு மேலே இன்னொரு கை பூசினேன். தேய்த்து, பிரைமர் போட்டு, ஓட்டை இருந்த தடமே தெரியாமல் செய்துவிட்டேன். இவர் வந்து கதவின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு எறும்புகூட உள்ள போவாது" என்றார்.

லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை அவர். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நிறம் அடிக்கிற அன்று விடியற்காலையிலேயே தரையெல்லாம் தண்ணீர் விட்டு நனைத்தோம். தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். இவரை உள்ளே வரக்கூடாது என்று வெளியே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். உட்கார்ந்தாலும் வாய் சும்மா இருக்குமா? கன் போடுகிற சத்தத்தை வைத்தே, "கை நிக்குது, நகத்து", "பக்கத்துல போயிட்ட, தள்ளு" என்று வெளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து நான் திட்டியது அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் சரிதான். இடது கதவில் ஒரு இடத்தில் கண்ணீர் மாதிரி வழிந்துவிட்டது. அது அவர் சொன்னபடி கை நின்ற இடம். காய வைத்துத் தேய்த்து அந்தக் கதவை முழுதாக மறுபடி அடித்தேன். அதற்கு மேல் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் போட்டு, காய்ந்து, பாலிஷ் பிடித்த பிறகு தார்ப்பாயை விலக்கினேன். ரோட்டில் போன லாரிகள் பானட்டில் தலைகீழாக ஓடின.

டாக்டர் வந்து, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பக்கத்துக் கடைக்காரர் குங்குமத்தோடு வந்தார், பானட்டில் பொட்டு வைக்க. "சாமிக்கு வைங்க, என் பெயிண்ட்ல வைக்காதீங்க" என்று விரட்டினேன். டாக்டர் சிரித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டு போனார். நான் ரோட்டு ஓரத்தில் நின்று, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தேன். அந்த வாரம் மூன்று லாரிகளை நான் அடித்தேன், இவர் கையை நீட்டவில்லை. இனி கவலையில்லை என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் பெய்து, ஒரு நாள் காலையில் கொஞ்சம் வெளிவாங்கியபோது பட்டறை முன்னால் நாவல்பழ நிறத்தில் கார் வந்து நின்றது. நான் பின்பக்கம் தின்னரில் கன்னைக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர்தான் முன்னால் போனார். டாக்டர் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து சாத்தினார். பின்பக்கம் இருந்த எனக்கே கேட்டது. சளக் என்று ஒரு சத்தம். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வருகிற சத்தம். மறுபடி திறந்து சாத்தினார். மறுபடி சளக்.

நான் ஓடி வருவதற்குள் இவர் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சுடுங்க சார். கதவை விட்டுட்டுப் போங்க, நானே முழுசா சரி பண்ணி அடிச்சுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பினார், கன் எங்கே என்று தேடிக்கொண்டு. தண்ணீர் எப்படி வந்தது என்பது எனக்குப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். இந்த மழைக்காலத்தில், இருக்கிற மூச்சோடு, இவர் இரண்டு கதவு அடித்தால் என்ன ஆகும் என்பது.

பயந்தால் நான் கத்துவேன். கத்தினேன். "வண்டியை மழையில விட்டது யாரு? துணிக் கூரை வச்ச வண்டியை மழையில நிறுத்தினா உள்ள தண்ணி வராம பன்னீரா வரும்?"

டாக்டர் கோபப்படவில்லை. குனிந்து கதவில் காதை வைத்தார். விரல் கணுவால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. "இது வரைக்கும் தண்ணி" என்றார். "கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி உள்ள இறங்கத்தான் செய்யும்மா, எல்லாக் காருக்கும் இறங்கும். இறங்கினது கீழ இருக்கற தொளை வழியா வெளிய போயிரும். அதுக்குத்தான் தொளை. அந்தத் தொளையெல்லாம் எங்க?"

"அடைச்சுட்டேன்" என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது.

ரோட்டில் ஒரு லாரி சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. டாக்டர் காருக்குள் கையை விட்டு, ஒரு பையிலிருந்து முனை கூரான ஒரு குழாயை எடுத்தார். வயிறு ஊதிப் போன மாட்டுக்கு விலாவில் குத்திக் காற்றை வெளியேற்றுகிற கருவியாம். "இது எனக்குப் பழக்கமான கேஸ்தான்" என்று அதைக் கதவின் அடிக்குக் கொண்டு போனார்.

"கையை எடுங்க!" என்று அலறிவிட்டேன். "பெயிண்ட் பேந்துரும்! அதைக் கீழ போடுங்க முதல்ல!"

டாக்டர் அந்தக் கருவியோடு அப்படியே நின்றார். "இது என் வண்டியா உங்க வண்டியா?" என்றார்.

உள்ளே போய்த் துளை போடுகிற மெல்லிய கம்பியை எடுத்து வந்தேன். கதவின் அடி ஓரத்தில் டேப் ஒட்டினேன். நான் அடைத்து மூடிய இடம் எதுவென்று என் விரலுக்குத் தெரியும். மண்டியிட்டு உட்கார்ந்து, மெதுவாகத் திருகினேன். சீலர் விட்டுக்கொடுத்ததும் தண்ணீர் பீறிட்டு என் மடியெல்லாம் நனைந்தது. ஐப்பசி மழைத்தண்ணீர், அவ்வளவு குளிர்ச்சி. டாக்டர் உள்ளங்கையை நீட்டிக் கொஞ்சம் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இருந்தது, துருவின் சாயல் இன்னும் ஏறவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். நான் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே அடுத்த ஓட்டையைத் திறந்தேன். அழுதது யாருக்கும் தெரியக்கூடாது என்றால் ஈரத்திலேயே உட்கார்ந்திருப்பதுதான் வசதி.

என் தலைக்கு மேலே இவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ பழகினது லாரி சார். தப்பு என் மேலதான், நான் பாத்திருக்கணும். இந்த முறை நானே கன் புடிக்கறேன். நாலு நாள் குடுங்க."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் டாக்டர். "அடிச்சவங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

பிறகு அவர் எனக்குப் பக்கத்தில், அந்தத் தண்ணீரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேட்டி நனைவதைப் பார்க்கவில்லை. "ஒரு வாரம் இத்தனை தண்ணி உள்ள நின்னுருக்கு. ஒரு சொட்டு வெளிய கசியல. வெளிய ஒரு இடத்துல பெயிண்ட் பொங்கல. நான் திருச்சியில விசாரிச்சேம்மா. இவ்வளவு சுத்தமா அடைக்கிற ஆள் கிடைக்கறது கஷ்டம்னாங்க. தொளையை மட்டும் விட்டுடுங்க. எத்தனை நாள் ஆவும், நீங்க சொல்லுங்க."

அவர் வண்டியைத் திருச்சிக்குக் கொண்டு போயிருக்கலாம். நான் கத்திய கத்தலுக்கு யாராக இருந்தாலும் கொண்டு போயிருப்பார்கள். நன்றி என்று வாய் வரைக்கும் வந்தது. "உள்ள காய வைக்கவே அஞ்சு நாள் ஆவும். அவசரப்பட்டா நான் பொறுப்பில்ல" என்றுதான் வெளியே வந்தது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த நன்றியை அவரிடம் நான் இன்னும் நேராகச் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கதவுகளைக் கழற்றி, படித் தகட்டில் அடைத்ததையும் சேர்த்து எல்லா ஓட்டைகளையும் திறந்து, உள்ளே காற்றை விட்டுக் காய வைத்தோம். துருப்பிடிக்காமல் இருக்க உள்பக்கம் மெழுகு மாதிரியான மருந்தை அடித்தேன். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் தனியாகத் தேய்த்துப் பிரைமர் தொட்டு வைத்தேன். கதவு முழுவதற்கும் மறுபடி நிறம் அடித்தால்தான் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. லாரிகளுக்கும் அன்றிலிருந்து அடி ஓட்டையைச் சீலரால் அடைப்பதில்லை, ரப்பர் கார்க் போட்டுக் கொடுக்கிறேன். மழை பெய்தால் டிரைவர் பிடுங்கிவிட்டுக்கொள்ளலாம். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது பக்கத்துப் பட்டறையிலும் அதையே செய்கிறார்கள், என்னவோ அவர்கள் கண்டுபிடித்த மாதிரி.

இவர் அந்த ஐந்து நாளும் சரியாகப் பேசவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தை அவரைக் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்கே பெயிண்டர் என்று பேர் வாங்கியவரை, சும்மா இருங்க என்று ஒருவர் சொல்லிவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ரோஷத்தில் கன்னை எடுத்துவிட்டால் என்ன செய்வது? வேலைக்கு நடுவில் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தலை நிமிராமல் பட்டி பூசிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் காலையில் வெயில் வந்தது. இரண்டு கதவையும் ஸ்டாண்டில் மாட்டி, தரையை நனைத்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். நிறம் முடிந்தது. கடைசிக் கிளியர் போட்டுக்கொண்டிருந்தேன். கிளியரில் ஒரு முனையில் தொடங்கினால் மறு முனை வரைக்கும் நிற்கக்கூடாது. கை நின்றால் வழியும், எடுத்தால் தடம் விழும். அப்போது வெளியே ஒரு லாரி வந்து நிற்கிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம். குரலை வைத்தே தெரிந்துவிட்டது. ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிற பழைய வாடிக்கை, நான்கு வண்டி வைத்திருக்கிறவர். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடக்கூடாதே என்று நாங்கள் இரண்டு பேருமே பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆள்.

"பெயிண்டரே, எஃப்.சி.க்கு நாள் குறிச்சாச்சு. பின்னால பாடியை தங்கச்சி அடிச்சுக்கட்டும். முன்னால கேபினை மட்டும் நீங்க அடிச்சுக் குடுத்துடுங்க. உங்க கை பட்டாத்தான் எனக்குத் திருப்தி."

எனக்கு வெளியே போக வேண்டும் போல் இருந்தது. போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் இருந்தது. கதவு பாதியில் இருந்தது. கன்னை எடுக்க முடியாது. மாஸ்க்குக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வழக்கமான 'சரிங்க'வுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கையை நகர்த்தினேன்.

அது வரவில்லை.

"என்ன பெயிண்டரே, சளி இன்னும் வுடலையா?" என்றார் வந்தவர்.

"சளி இல்லீங்க" என்றார் இவர். "எனக்கு நெஞ்சு போயிருச்சு. பெயிண்ட் புகையாலதான். டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு. ரெண்டு வருஷம் ஆவுது." இருமினார். இருமி முடிக்கிற வரைக்கும் வந்தவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன், கை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. "இனிமே இங்க அவங்கதான் அடிப்பாங்க. கேபினும் அவங்கதான். புடிக்கலைன்னா வேற எடம் பாத்துக்குங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

இவர் தன் வாயால் அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்தவர் என்ன பதில் சொன்னார், வண்டியை விட்டுவிட்டுப் போனாரா, எடுத்துக்கொண்டு போனாரா என்பதெல்லாம் அப்போது என் காதில் விழவில்லை. முகம் முழுவதையும் மூடிய மாஸ்க்கில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லை. எதிரே கதவு கலங்கித் தெரிந்தது. கன் சத்தத்தை வைத்தே கையை நகர்த்திக்கொண்டு போய் மறு முனையைத் தொட்டேன்.